மதகு வரைக்கும்தான்

விடிகாலையில் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கும்; வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு ருசி. சேலியமேட்டில் எங்கள் வயலுக்கு அடுத்த வயலில் 'மில்லுக்காரர்' போட்ட போர் தண்ணீரைத்தான் சொல்கிறேன். பாகூரில் அரிசி மில் வைத்திருந்த அந்த மனிதர் எங்களூரில் நிலம் வாங்கி, எங்கள் கிணற்றைவிடப் பல மடங்கு ஆழத்துக்குக் குழாய் இறக்கினார். எங்கள் கிணறு சத்தமில்லாமல் வற்றிப்போனது. அப்பா போய்க் கேட்டதற்கு, "என் நெலத்துக்கு அடியில இருக்கறது என்னுதுபா" என்றார். பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீர் இவருடைய வரப்பைப் பார்த்து மரியாதையாக நின்றுவிடும் போலிருக்கிறது!

அந்த வருஷம் நெல் பால் பிடிக்கும் சமயத்தில் மழை கைவிட்டது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் பயிர் பிழைக்கும், இல்லையென்றால் அத்தனையும் பதர். ஏரியில் தண்ணீர் கிடந்தது, ஆனால் மதகுக்கு அரசாங்கம் பூட்டுப் போட்டிருந்தது. சாவி ஆபீசில், ஆபீசரோ எப்போதும் 'கேம்ப்'பில். அப்பா நடையாய் நடந்தார். அம்மாவுக்கு வாய் கொஞ்சம் காரம். "கீழ இருக்கற தண்ணி அவனுது, மேல இருக்கற தண்ணி கவுருமெண்டுது. அப்ப நம்புளுது இன்னா, சேறா?" என்று கேட்டுக் குடத்தை நங்கென்று வைப்பாள்.

ஒருவழியாக ஜீப்பில் வந்து மதகைத் திறந்தார்கள். தண்ணீர் ஓவென்று இறங்கியது. பிள்ளைகள் நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டு கூடவே ஓடினோம். கொஞ்ச தூரம்தான், அதற்கப்புறம் ஓடுவதற்கு வாய்க்கால் இல்லை.

எங்கே போயிற்று? எங்களூர் மகாஜனங்கள் தின்றுவிட்டார்கள். ஏரி அரசாங்கத்துடையது என்று ஆனபின் தூர்வார எவனும் மண்வெட்டி எடுக்கவில்லை. ஆனால் உழும்போது மட்டும், வருஷத்துக்கு ஒரு சால் வாய்க்காலுக்குள் தள்ளி ஓட்ட எல்லோருக்கும் கை நீண்டது. இந்தப் பக்கத்துக்காரன் ஒரு சால், அந்தப் பக்கத்துக்காரன் ஒரு சால். தூ! வந்த தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்தில் சரிந்து, ஒருவருக்கும் உதவாமல் தேங்கிப்போனது.

"வாய்க்கால வெட்டி வுடுங்க சார்" என்று அப்பா கெஞ்சினார்.

"மதகு வரைக்கும்தான் எங்களுது. வாய்க்காலுக்குக் கொம்யூன் பஞ்சாயத்துல போய்க் கேளுங்க" என்று சொல்லி, அதிகாரி மதகைப் பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

"கவுருமெண்ட நம்புனா இப்டித்தாம்பா" என்று வரப்பில் நின்று சிரித்தார் மில்லுக்காரர். வாய்க்காலில் அதிகமாகத் தின்றவர் அவர்தான். ஆனால் எங்கள் பங்குக்கு வாய்க்காலுக்குள் நட்டிருந்த நெல்லும் அங்கே எல்லோர் கண்ணிலும் பட நின்றுகொண்டிருந்தது. பயிர் பதராகி, அறுத்து மாட்டுக்குப் போட்டோம். மறுவருஷம் எங்கள் நிலமும் மில்லுக்காரர் கைக்குப் போனது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். போரில் இப்போது கடல் புகுந்து உப்புத் தண்ணீர் வருகிறதாம். கடலுக்குப் பட்டா வாங்க வழி தெரியாததால், மில்லுக்காரர் மகன் நிலம் முழுவதையும் மனை போட்டுவிட்டான். ஏரிக்கரையில் 'அரசு நீர்நிலை' என்று ஒரு பலகை, எதிரே 'தனியார் மனைகள்' என்று இன்னொன்று. நடுவில், வாய்க்கால் இருந்த இடத்தில், தார் ரோடு. அதில் கேன் தண்ணீர் ஏற்றிய வண்டி ஒன்று ஏரியைத் தாண்டி மில்லுக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அன்றைக்குக் கேட்டாளே சேறு, அதையும் தேடிப் பார்த்தேன். இல்லை.