இடப்பக்கப் பின்சக்கரம்

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஜாஸ்மின் கார் வாங்கியதற்குக் காரணம் ஆட்டோக்காரர்கள்தான்.

ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் அடுக்குமாடி வீடுகளில் அவளுக்கு நிறைய வாடிக்கைக்காரர்கள் சேர்ந்திருந்தார்கள். விடிந்ததும் கரைக்கு வந்த மீனைப் படம் பிடித்து போனில் அனுப்புவாள். எட்டு மணிக்குள் யாருக்கு வஞ்சிரம், யாருக்கு சங்கரா என்று பதில் வந்துவிடும். ஆனால் கூடையைப் பார்த்ததுமே ஆட்டோ நகர்ந்துவிடும். ஏற்றிக்கொண்டவர்களும் இறங்கும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே வருவார்கள். ஒரு மழைநாளில் அடுத்தடுத்து மூன்று பேர் மறுத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே மயிலாப்பூரில் ஒரு டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்த அவள் கணவன் சூர்யாவே சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. "இன்னாத்துக்கு உனக்கு இந்த வேல?" என்று கேட்டான். "கடல்ல நீ ஓட்டு, ரோட்ல நான் ஓட்றேன்" என்றாள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கே.கே. நகரில் ஒருவரிடம் ஒன்பது வருடப் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டிக்கி வரைக்கும் ஐஸ் பெட்டிகளை அடுக்கினாள். முதல் இரண்டு மாதம் வியாபாரம் அவள் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடையாறு பாலத்தில் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், இடப்பக்கம் ஒரு பெரிய வண்டு மாட்டிக்கொண்டு கத்துவதுபோல் 'ஊம்' என்று வரும்.

கார் விற்றவர் தான் வழக்கமாகப் போகும் கருணாகரனின் பட்டறையைக் காட்டிவிட்டார். கருணாகரன் முதலில் டயர் தேய்ந்திருக்கிறது என்று டயரை மாற்றினார். சத்தம் போகவில்லை. பிறகு சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கை மாற்றினார். சத்தம் நின்றது. சரியாக இரண்டு மாதம் கழித்து, அதே சக்கரத்தில், அதே சத்தம். மறுபடியும் பேரிங்கை மாற்றினார். மறுபடியும் வந்தது.

அடுத்த முறை போனபோது கருணாகரன் காரைக்கூடப் பார்க்கவில்லை.

"லேடீஸ் ஓட்டுனா இப்டித்தாம்மா. பள்ளத்துல பாத்து ஓட்டமாட்டீங்க. போதாக்குறைக்கு லோடு வேற."

பட்டறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். ஜாஸ்மினுக்குக் காது சூடேறியது. ஆனால் மீன் விற்கிற இடத்தில் இதைவிடப் பெரிய பேச்சுக்கெல்லாம் பதில் சொன்னவள் அவள்.

"ஏன் சார், என் காருக்கு நாலு வீலு கீது. நாலும் ஒரே ரோட்லதான் வருது. பள்ளம் இந்த ஒரு வீலுக்கு மட்டும் சொல்லி அனுப்பிச்சா வருது?"

இந்த முறை சிரித்தவர்கள் கருணாகரனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. "அப்ப வேற எங்கனா பாத்துக்கோ" என்றார். போன தடவை அவர் கழற்றிப் போட்ட பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது. தன் காரிலிருந்து கழற்றியது தன்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

தி.நகரில் ஏசி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டை கட்டிய ஒருவர் வந்து, பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலையே மொத்தமாக மாற்றவேண்டும் என்றார்.

"ஆக்ஸில்ல இன்னா கோளாறு?"

"சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது மேடம்."

"எந்த எடத்துலன்னு எனக்குக் காட்டுங்க. வாங்க, போய் பாக்கலாம்."

வாடிக்கையாளர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார் அவர். ஜாஸ்மின் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் ராயப்பேட்டைச் சந்தில் மெஹபூப் அலியிடம் வந்து சேர்ந்தாள். இரண்டு கார் நின்றால் மூன்றாவது நுழையமுடியாத பட்டறை. அவர் அதிகம் பேசமாட்டார். அவரும் ஒரு புதுப் பேரிங்கைத்தான் போட்டுக் கொடுத்தார். ஏழு வாரத்தில் சத்தம் திரும்பி வந்தது. ஆனால் கருணாகரனைப்போல அவர் அவளைக் குறை சொல்லவில்லை. கழற்றிய பேரிங்கை உடைத்துப் பார்த்தார். அவள் பையில் வைத்திருந்த கருணாகரன் போட்ட பேரிங்கையும் வாங்கி உடைத்தார். இரண்டிலும் உள்ளே துரு. கிரீஸ் புளித்த தயிர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இது பள்ளத்துல போனதில்லம்மா. உள்ள தண்ணி பூந்துகீது. வண்டிய கடல்ல எறக்குனியா?"

"மழைல நனையுது, பாய். ஆனா நாலு வீலும்தான நனையுது."

"அதான் எனக்கும் புரியல" என்றார் மெஹபூப் அலி. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் மெக்கானிக் அவர்தான். அன்றைக்கே அவர்மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

விடை கிடைத்தது ஒரு சண்டையில். ஆழ்வார்பேட்டை குடியிருப்பு ஒன்றில் முனியன் என்று ஒரு வாட்ச்மேன். அவள் காரை நிறுத்தினாலே தண்ணீர் வாளியோடு வந்து நிற்பார்.

"ஏம்மா, நீ போனப்பறம் நான்தான் கழுவிக்கினு கெடக்கறேன். செகரட்டரி என்னைத் திட்றாரு. டைல்ஸ்லாம் மீன் கவுச்சி!"

"பொட்டி மூடிதான் கீது, நைனா. என் வண்டிலேந்து எங்க ஊத்துது?"

"எங்கயா? தெனம் ஒரே எடத்துல ஊத்துது. இந்தப் பக்கத்து பின்வீலாண்ட. வந்து நீயே பாரு."

பின்வீல் என்றதும் ஜாஸ்மின் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சேலையைச் சொருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். இடப்பக்கப் பின்சக்கரத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். ஐஸ் உருகிய தண்ணீர். மீனோடு வந்த கடலுப்பும் அதில் இருக்கும்.

பாக்கி மீனைக் கொடுத்துவிட்டு நேராக ராயப்பேட்டைக்கு ஓட்டினாள். மெஹபூப் அலி பெட்டிகளை இறக்கி, டிக்கியில் ஒட்டியிருந்த தடித்த ரப்பர் விரிப்பைக் கிழித்துத் தூக்கினார். அடியில், சக்கரத்துக்கு நேர் மேலே, துருப்பிடித்த நான்கு ஓட்டைகள்.

"முன்ன வெச்சிருந்தவங்க இங்க கேஸ் சிலிண்டர் வெச்சி ஓட்டிக்கிறாங்க. கழட்டிட்டு போல்ட் ஓட்டய அடைக்காம ரப்பர் மேட்ட போட்டு மூடிட்டாங்க. பொட்டிலேந்து கசியற உன் ஐஸ் தண்ணி எட்டு மாசமா இதுவழியாத்தான் எறங்கிக்கீது."

ஜாஸ்மின் அந்த ஓட்டைகளில் ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தாள். எத்தனை பேரிடம் வாய்ச்சண்டை போட்டிருக்கிறாள். அவள் ஓட்டியதில் தப்பில்லை என்பது சரிதான். ஆனால் சக்கரத்தைத் தின்றது அவளுடைய சரக்குதான். இரண்டும் உண்மையாக இருந்தது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"ஓட்டைய அடைச்சிடு பாய். நான் பொட்டிக்கு அடியில தகரத் தட்டு ஒண்ணு செஞ்சி போட்டுக்கறேன். தண்ணி ஒரு பைப்ல போய் கேன்ல விழட்டும். முனியனும் திட்டமாட்டாரு."

அந்த வாரமே தட்டு தயாரானது. புதுப் பேரிங்கும் ஏறியது.

மறுநாள் மீன் கொடுத்து முடித்ததும் கே.கே. நகருக்குப் போய், கருணாகரன் பட்டறை முன்னால் காரை நிறுத்தினாள். மெஹபூப் அலி உடைத்துப் பார்த்த அந்தப் பழைய பேரிங்கை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"தண்ணி என்னோடதுதான் சார், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு வாட்டி கழட்டுனீங்க. ஒருவாட்டி இத்த ஒடச்சிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

கருணாகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டை போடுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள். "எங்கேந்து எறங்குச்சு தண்ணி?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "பாக்காம வுட்டது எங்க தப்புதாம்மா" என்றார். முன்பு சிரித்தவர்கள் எல்லாரும் அன்றும் அங்கேயே இருந்து அதைக் கேட்டார்கள்.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. அந்தப் பேரிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாஸ்மின் இப்போது பெசன்ட் நகர்வரை போகிறாள். போன மாதம் அவள் பக்கத்துக் கடைக்காரி பச்சையம்மா பழைய கார் ஒன்று வாங்கத் துணைக்குக் கூப்பிட்டாள். விற்கிறவர் கார் புதிதுபோல இருக்கிறது, பாட்டு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, ஜாஸ்மின் தரையில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்து, காருக்கடியில் தலையை நீட்டினாள்.

"இவங்க மெக்கானிக்கா?" என்று விற்கிறவர் கேட்டார்.

"மீன் விக்கிறா" என்றாள் பச்சையம்மா.

"டிக்கிய தொறங்க சார்," என்றாள் ஜாஸ்மின் கீழேயிருந்து, "அப்டியே ஒரு டார்ச் லைட்டும் குடுங்க."