வேலி தாண்டிய தத்துப்பூச்சிகள்

இன்று கடையில் வேப்பெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்து முகர்ந்தபோது, எப்போதோ வீடுகளாகிவிட்ட எங்கள் ஏறாவூர் மாந்தோட்டம் பூவும் பிசினுமாக நினைவில் எழுந்து நின்றது. மாமரம் பூத்தால் தத்துப்பூச்சிகள் வந்து, கிளை அசையும்போதெல்லாம் மணல் தூவினாற்போல் இலைகளில் படபடக்கும். அவை சாறு உறிஞ்சிப் பூ உதிர்ந்தால் அவ்வாண்டு மாம்பழம் இல்லை என்பதால், ஆசிரியரான அப்பா வேப்பங்கொட்டையையும் உள்ளிப்பூண்டையும் இடித்து ஊறவைத்து, வடித்த நீரை விளக்குமாற்றால் தொட்டு, தீர்த்தம் தெளிக்கும் பாதிரியாரின் பக்தியோடு ஏணியில் நின்று பூக்களில் தெளிப்பார். பூச்சிகள் சாகமாட்டா; முகஞ்சுளித்துக்கொண்டு வேலியைத் தாண்டிவிடும்.

அயல் தோட்டத்துக் காசிம் காக்கா வேலியோரம் வந்தார்.

"மாஸ்டர், உங்கட பூச்சியெல்லாம் என்ட மரத்தில குடியேறிட்டு!"

"அதில என்ட பேர் எழுதியா கிடக்கு, காக்கா?"

அவரும் இடித்துத் தெளித்தார். பூச்சிகள் எங்களிடமே திரும்பின. இப்படியே அவை போய்வந்ததில் இரு தோட்டங்களிலும் பூ உதிரத் தொடங்கவே, அம்மா பொறுமையிழந்து, "ரெண்டு பேரும் ஒரே நாளில தெளிச்சா என்னவாம்?" என்றார்.

தெளித்தார்கள், எஞ்சிய பூக்களில் பிஞ்சு பிடித்தது. இருவரும் வேலியில் சாய்ந்து தேநீர் அருந்திக் களித்திருந்த ஒரு காலையில், மூன்றாம் தோட்டத்து ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், பூச்சி மொய்த்த மாம்பூங்கொத்தொன்றை ஏந்தியபடி அவர்களை நோக்கி வந்தார்.

காக்கா அப்பாவின் காதோரம் குனிந்தார்.

"மாஸ்டர், நீங்க படிச்ச ஆள், நீங்களே கதைங்க."