மோகனாவின் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் விட்டது

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் தொழிலில், வருகிறவர் கேட்பது யானையாக இருக்கும். கையில் இருப்பது ஆட்டுக்குட்டி வாங்கும் காசாக இருக்கும். நடுவில் நிற்கிற நாம்தான் மிதிபடுவோம். ஆரணியில் கடை போட்டபோது என் படிப்பு எட்டாவது. மிச்சப் படிப்பெல்லாம் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சென்னை ரிச்சி தெருவில் ஏமாந்து ஏமாந்து படித்தது. பேரம் பேசினால் விட மாட்டேன், படியாவிட்டால் கத்திவிடுவேன். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மெஷினை என்ன செய்தன என்று சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும்.

பட்டுத் தூசி

மோகனாவின் கணவர் பாலு சேலை டிசைன் போடுகிறவர். பார்டர், முந்தி எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து, தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டை அடிக்கிறவர்களுக்குக் கொடுப்பார். மஞ்சள் காமாலை வந்து ஒரே மாதத்தில் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற வேலையை வைத்து மோகனா தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பாலு போட்டுவைத்த டிசைன் அத்தனையும் அந்த மெஷினின் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அதைத்தான் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் புது ஆர்டருக்குக் கொடுப்பாள்.

ஆனால் மதியமானால் மெஷின் சூடேறி அணைந்துவிடும். திறந்து பார்த்தேன். பக்கத்து அறையில் விசைத்தறி. உள்ளே விசிறி தெரியாத அளவுக்குப் பட்டுத் தூசி, பூனை மயிர் மாதிரி அடைத்திருந்தது. துடைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஏசிக்கு வசதியில்லை. தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை வெளியே இழுக்கலாம், விசிறியை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம் என்று ஒரு பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அவளுக்கு அந்த விவரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவர் கடைசியா போட்ட மாங்கா பார்டர் பாதியில நிக்குதுண்ணா. அத்த முடிக்கிற வரைக்குமாவது இது அணையாம ஓடணும்."

கார் ரேடியேட்டர்

இதற்கென்றே விற்கிற சாமானைச் சென்னையில் விசாரித்தேன். சொன்ன விலைக்கு இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கலாம். சரி, தனித்தனியாகச் சேர்ப்போம் என்று வேலூரில் பழைய கார் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் போனேன். சின்ன ரேடியேட்டர் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு மணி நேரம் கத்தினேன். இரண்டு முறை கடையை விட்டு இறங்கி நடந்தேன். மனுஷன் கூப்பிடவில்லை, நானே திரும்பி வந்தேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார். கம்ப்யூட்டருக்கு என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் பாதி விலைக்கு இறங்கினார். "எடுத்துகினு போங்க. வீட்ல உங்கள பாத்துக்க ஆள் இருக்காங்களா?"

பட்டியலில் அடித்த வரி

மெஷினுக்குள் சூடாகிற சிப்பின் மேல் உட்கார வைக்க ஒரு செம்புக் கட்டியை லேத் பட்டறையில் கொடுத்துத் தண்ணீர் ஓட வழி குடைந்து வாங்கினேன். தண்ணீர் சுற்ற மீன் தொட்டி மோட்டார். அதில் மட்டும் மட்டமானது வேண்டாம், நிற்காமல் ஓடுவதாக எடுப்போம் என்றேன். அதற்கு வேறு எதையாவது குறைக்க வேண்டும். வாங்க வேண்டிய சாமான் பட்டியலின் கடைசியில் மோகனா தன் கையால் சிடி ரைட்டர் என்று எழுதியிருந்தாள். டிசைனையெல்லாம் சிடியில் ஏற்றி வைக்க வேண்டும் என்று பாலு சொல்லிக்கொண்டே இருப்பாராம். நான் அந்த வரியை அடித்தேன். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது, தொழில் உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா என்று எரிந்து விழுந்தேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். "சரிண்ணா, அடுத்த ஆர்டர்ல வாங்கிக்கலாம்."

முடிச்சு

ரப்பர் குழாய் சேருகிற இடத்திலெல்லாம் இறுக்க ஸ்க்ரூ கிளிப் வேண்டும், ஆறு. ஊரில் அந்த அளவு ஒரே கடையில்தான் இருந்தது. கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை. நான் விட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இஷ்டமிருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் கயிற்றால் கட்டிக்கொள் என்றார். வெறுங்கையோடு வந்தேன்.

மோகனாவிடம் சொன்னதும் சிரித்தாள். பாலு போனபிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். உள்ளே போய்ப் பட்டு நூலை எட்டு இழையாக முறுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மூட்டிலும் நெருக்கமாகச் சுற்றிப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். நான் இழுத்துப் பார்த்தேன், என் விரல்தான் அறுபட்டது. மறுநாள் நல்ல சித்திரை வெயில். காலையில் போட்ட மெஷின் சாயங்காலம் வரை அணையவில்லை. மாங்காய் பார்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க முடிச்ச அவுக்கணும்னா கத்திதாண்ணா வேணும்."

நாலாம் நாள்

ஈரத்தில் ஊறிச் சூடும் பட்டால் பட்டு நூல் நெகிழும். சாயம் போடுகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. நாலாம் நாள் மதியம் செம்புக் கட்டியிலிருந்து குழாய் நழுவியது. நேர் கீழே ஹார்ட் டிஸ்க், ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க அதன் தலையில்.

துண்டில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு வாரம் வைத்திருந்து, வேறு போர்டு மாற்றிப் பார்த்து, உள்ளே இருந்த டிசைன் ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் பேரம் பேசவில்லை.

மோகனா கட்டம் போட்ட தாளில் மாங்காய் பார்டரைப் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்பைப் பற்றிப் பேச்செடுத்தேன். முடிச்சு போட்டது நான்தானே, நீங்க ஏன் தலை குனிஞ்சிகினு நிக்கிறீங்க என்று அடக்கிவிட்டாள். சிடி ரைட்டரைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அழகாகத்தான் வந்திருந்தது. "முழுசும் போட்டுடுவேண்ணா. ஆனா அவர் எந்த எடத்துல நிறுத்தினார்னு மட்டும் ஞாபகம் வரல."

பேசிப் பேசி, கத்திக் கத்தி, கடைசியில் அவளுக்கு நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஆறு கிளிப்பின் காசும் ஒரு சிடி ரைட்டரின் காசும்.