கனம் தெரியாத சண்டை

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவர் அவர். திரையரங்கில் என் பக்கத்து இருக்கையில், இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தார். படத்தில் ஒருவன் காயம்பட்ட நண்பனைச் சுமந்து விண்கலத்தின் ஏணியில் ஏறியபோது, தானே மூட்டை தூக்குவதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு, இரும்புக் கவசம் அணிந்த நாயகன் டேங்கர் லாரியை ஒற்றைக் கையால் தூக்கி வீசினான். இவர் கொட்டாவி விட்டார்.

“சண்டை பிடிக்கலையாண்ணே?” என்றேன்.

“என்ன மெஷின் வேணாலும் காட்டட்டும் சாரே, கனம் தெரியணும். லாரியத் தூக்குறான், முட்டி மடங்கலை. அப்புறம் நமக்கெப்படிப் பயம் வரும்?”

படம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவரால் முடியவில்லை.

“இடுப்பு பிடிச்சிருச்சு. ஒரு கை கொடுங்க சாரே.”

மூச்சை அடக்கி, இரண்டு கையாலும் இழுத்தேன். என் முட்டிதான் மடங்கியது. அவர் எழவில்லை.