தீச்சட்டி சுடாத கை

யாரோடு ஓடினாளாம்? பெயரைச் சொல்லட்டும் பார்ப்போம். கமலவேணி பெற்ற பிள்ளையை விட்டு ஓடினவள் என்று இத்தனை வருஷம் கழித்தும் குழாயடியில் பேசுகிறாளே அஞ்சலை, அவள்தான் அந்த ஆடியில் கமலவேணியின் காலில் விழுந்து திருநீறு வாங்கியவள். அந்தப் பிள்ளை சீதாவுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இனி மூடிவைக்க ஒன்றுமில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷத்துத் திருவிழா அது. எங்கள் காஜா பேராங் தெரு மாரியம்மனுக்குக் கமலவேணி தீச்சட்டி எடுத்தாள். மற்றப் பெண்கள் வேப்பிலையைக் கனமாக வைத்து, கை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இவளுக்கோ இலை நழுவி விழுந்ததே தெரியவில்லை. வெறுங்கையில் சட்டியோடு கோயிலைச் சுற்றி வந்தாள். முகம் சுளிக்கவில்லை. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தெருவே கும்பிட்டது. அவளும் நம்பினாள். வேறென்ன நினைப்பாள்?

கொப்புளம் உடைந்து புண்ணான பிறகும் வலி இல்லை. அதுவும் அருள்தான், மருந்து போடாதே என்றான் புருஷன் நடராஜன்.

ஒரு காலையில் குழந்தை சீதாவைக் குளிப்பாட்ட, வாளியில் கையை விட்டுப் பார்த்தாள். சுடவில்லை. ஒரு செம்பு ஊற்றினாள். பிள்ளை அலறித் துடித்த பிறகுதான் அது கொதிநீர் என்று தெரிந்தது. ஏதோ, காலோடு போயிற்று.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காலுக்குக் கட்டுப் போட்ட டிரெசர் பொன்னுதுரை அவள் கையையும் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு படும்போதெல்லாம் சொல் என்றார்.

"இப்ப," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இப்பவும்."

"நான் இன்னும் தொடவே இல்லம்மா."

பெரிய வியாதி. சுங்கை பூலோ தொழுநோய் விடுதியில் மாத்திரை கொடுப்பார்கள், வருஷக்கணக்கில் தங்க வேண்டும் என்றார். கமலவேணி அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். பிறகு நடராஜனிடம் சொன்னாள்:

"நோய்னு தெரிஞ்சா நாளைக்கு சீதாவ யாரு கட்டுவா? நான் ஓடிட்டேன்னு சொல்லிருங்க."

"ஊரு காறித் துப்பும், வேணி."

"என்னத்தானே துப்பும். துப்பட்டும்."

அவள் கிளம்பிய காலையில் தெருவில் புதுக் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீதா ஏணையில் தூங்கினாள். கமலவேணி தடவிப் பார்த்தாள், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, கன்னத்தைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள். சூடு தெரிந்தது. அது போதும் என்று நிமிர்ந்தாள்.

செருப்பு காலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, படி இறங்கினாள்.