கட்டாயமில்லாத கட்டம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ஆனால் இது நடந்தது. போன மே மாதம், பட்டப்பகலில், என் கண் முன்னால். பயம் போய்விட்டது. ஆத்திரம்தான் போகவில்லை.

எண்ணூரில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கேட்டில் நுழைகிற ஆளின் பெயர், நேரம், அவர் கழுவப்போகும் கன்டெய்னர் பெட்டியின் எண், மூன்றையும் பதிய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பாஸ் அச்சாகாது. டேட்டாபேஸை அப்படித்தான் கட்டியிருந்தேன்.

மேனேஜர் வால்டர் குதித்தார்.

“பொட்டி நம்பர் தேடறதுக்குள்ள லாரி மீஞ்சூர் வரைக்கும் நிக்கிது. அந்தக் கட்டத்த ‘நல்’லா விட்டுடும்மா.”

கம்ப்யூட்டரில் நல் (null) என்றால் பூஜ்யம் அல்ல. ‘இல்லை’ என்பதும் அல்ல. ‘தெரியாது’. ஒரு மனிதன் எங்கே போகிறான் என்று தெரியாமலே உள்ளே விடலாம். சண்டை போட்டேன். பிறகு மாற்றிக் கொடுத்தேன். இதே கையால்.

புதன் காலை 8.10. வியாசர்பாடி பீம்ராவ், பெட்டி கழுவும் கூலியாள், உள்ளே போனார். பெட்டி எண் கட்டம் வெற்று.

மாலையில் பெட்டிகளைப் பூட்டுகிறவர்கள் அந்தக் கேட் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். எண்ணுக்கு எதிரே பெயர் இருந்தால் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் வெளியே தாழ் போட்டுவிடுவார்கள்.

வியாழன் காலை 9.00. பீம்ராவின் மனைவி செங்கொடி கேட்டில் நின்றாள்.

“எம் வூட்டுக்காரு ராத்திரி வர்ல சார். உள்ளதான் கீறாரு. பொட்டிங்கள தொறந்து பாருங்க.”

“அறுநூறு பொட்டிம்மா!” என்றார் வால்டர். “வேலைய நிறுத்தச் சொல்றியா? குடிச்சிட்டு செவுரு ஏறிக் குதிச்சிருப்பான்.”

“யோவ், அது டீயே குடிக்காத ஆளு! உன் வூட்டு ஆளு காணாப்போனா இப்டி நிப்பியா?”

இரண்டு மணி நேரம் கத்தினாள். ஒரு தாழைக்கூட யாரும் தூக்கவில்லை.

நான் என் அறைக்கு ஓடினேன். பீம்ராவின் வரியைத் திறந்தேன். வெற்றுக் கட்டம். அறுநூறில் எது?

11.05. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

11.12. கீபோர்டைத் தொட்டேன். வெயிலில் கிடந்த தகரம் போலச் சுட்டது. அறையெல்லாம் சோப்புத் தண்ணீர் வாடை...

11.18. டொக்... டொக்...

கதவில் இல்லை.

மானிட்டருக்குள்.

டொக்...

11.20. கட்டத்தில் ஓர் எழுத்து. நான் தட்டவில்லை.

சி...

1...

4.

ஓடினேன். காவலாளி பொன்னுரங்கம் சி-14இன் தாழைத் தூக்கினார். 11.31. கதவின் உட்புறம் முழுக்க வாளியால் இடித்த தடம். கீழே பீம்ராவ். மூச்சு இல்லை.

செங்கொடி வால்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். நான் விலக்கிவிடவில்லை.

அன்று 11.20க்கு எங்கள் கம்ப்யூட்டர் எதிலிருந்தும் அந்தக் கட்டத்தில் எதுவும் பதியப்படவில்லை. நூறு தடவை சோதித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்தது. செங்கொடிக்கு நான்தான் படித்துச் சொன்னேன். பெட்டியைத் திறப்பதற்குச் சற்று முன்புதான், 11.20 வாக்கில், உயிர் போயிருக்கிறது.

“அப்போ... நா கேட்ல கத்திகினு இருந்தப்போ?”

உயிரோடுதான் இருந்தார்.

அந்தக் கட்டம் வெற்றாக இருந்தவரை.