மாலை போட்டவர் விட்ட மீன்கள்

இணையம் வந்த பிறகுதான் மனிதர்களுக்குத் தற்பெருமை வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. தொண்ணூறுகளில் என் நண்பர் மீனோடு ஊர் திரும்பிய விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

கன்னிவாடிப் பக்கத்துக் குளத்திலிருந்து டவுன் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினால் அவர் வீடு நடக்கிற தூரம்தான். பெரிய மீன் கிடைத்த நாளில் மட்டும் அந்த வழி அவருக்கு மறந்துவிடும். கடைவீதிக்குள் நுழைந்து, பூட்டுக் கடைகளைத் தாண்டி, டீக்கடை முன்னால் தாகமே இல்லாமல் நின்று, சுற்றி வளைத்துத்தான் வீட்டுக்குப் போவார். பையிலிருந்து வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது கேட்கும்வரை அவர் பேச மாட்டார். கேட்டுவிட்டால் நிறுத்த மாட்டார். சின்ன மீன் என்றால் பையின் வாயைக் கயிற்றால் கட்டி, நேர்வழியில் விறுவிறுவென்று போய்விடுவார்.

அவருக்கு மின்சாமான் கடை. எனக்குப் பூட்டு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருக்கும் தூண்டில். நான் அவரைவிடக் குறைவாகப் பிடிப்பேன். அதற்குப் பதிலாக அளப்பேன். என் பையில் எப்போதும் ஒரு ஸ்பிரிங் தராசும் தையல்காரரின் டேப்பும் இருக்கும். அந்தக் குளத்தைப் பஞ்சாயத்தில் ஏலம் எடுத்து, குஞ்சு விட்டு வளர்த்து, கோடையில் வலை போடும் குத்தகைக்காரர் ஒருவர் இருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு. மதகு ஓரமாக உட்கார்ந்து நாங்கள் தூண்டில் போடலாம், பிடித்ததை எடைக்குக் காசு கொடுத்து எடுத்துப் போகலாம் என்று ஏற்பாடு. "சொந்தத் தராசோட வந்து காசு குடுக்கற ஆளுங்கள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று முதல் நாளே சொன்னார். பாராட்டா கிண்டலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு நண்பரின் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். நல்லபடி அமைந்தால் பழனிக்கு மாலை போட்டு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். அமைந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, கறி மீன் எல்லாவற்றையும் விட்டார். அவர் விட்டதால் அவர் வீட்டு அடுப்பும் விட்டது. மழை பெய்து குளம் தளும்பிக் கிடந்த நேரம் அது. முதல் ஞாயிறு பொறுத்துக்கொண்டார். இரண்டாவது ஞாயிறு விடிந்ததும், நெற்றி நிறையத் திருநீற்றோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"யோவ், மாலையப் போட்டுக்கிட்டுத் தூண்டிலோட வந்து நிக்கிறியே?"

"திங்கக் கூடாதுங்கிறதுதான்யா விரதம். பிடிக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

"உயிரக் கொல்லக் கூடாதுல்ல?"

"யாரு கொல்லப் போறா? பிடிப்போம், பாப்போம், விட்ருவோம்."

"மண்புழு? அது உயிரில்லையா?"

இதற்குத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். டிபன் டப்பாவைத் திறந்து காட்டினார். மஞ்சள் தூள் போட்டுப் பிசைந்த கோதுமை மாவு, உருண்டை உருண்டையாக. சப்பாத்திக்கு என்று சொல்லி மனைவியிடம் வாங்கி வந்தது.

அன்று கட்லாக்கள் அந்த மாவுக்கு வரிசையில் வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து, முள்ளைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு தண்ணீரில் விட்டார். கரையில் நின்று பார்த்த குத்தகைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க சாமி, பிடிச்சுப் பிடிச்சுத் திரும்ப விடறதுக்கு வீட்லயே படுத்திருக்கலாமில்லீங்க?"

"பொழுது போகணும்ல அண்ணே."

"உங்க பொழுது போகுதுங்க. அதுக்கு வாயி போகுதே."

அப்போதுதான் நண்பர் கேமரா வைத்த செல்போன் வாங்கியிருந்தார். அதை என்னிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். மீனை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் மீன் பெரிதாகத் தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. உண்மைதான். அவருடைய கட்டை விரலும் வாழைக்காய் அளவுக்குத் தெரிந்தது.

நண்பர்களைச் சேர்த்து வைக்கும் இணையதளம் ஒன்று அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அதில் தூண்டில்காரர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. பஸ் ஸ்டாண்ட் அருகே இருந்த பிரவுசிங் சென்டரில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து நண்பர் அந்தப் படத்தை ஏற்றினார். படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. முதலில் திருநீறு, பிறகு மாலை, அதற்கப்புறம் மீன், கடைசியாகப் பச்சை வேட்டி. அடியில் இரண்டே சொற்கள் எழுதினார்: "பிடித்தேன். விட்டேன்."

ஏன் விட்டார் என்பதை எழுதவில்லை. நமக்கு அது சொல்லாமலே தெரிகிற சங்கதி. கழுத்தில் மாலை தொங்குகிறதே. ஆனால் அந்தக் குழுவில் இருந்தவர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், மீதிப் பேர் மீனை மட்டும் பார்த்தார்கள். மறு வாரம் திறந்தால் பாராட்டு மழை. பிடித்த மீனை உயிரோடு விடுவதுதான் தூண்டில் தர்மம், அதை நம் மண்ணில் ஒரு பெரியவர் சத்தமில்லாமல் செய்துவருகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். நீர்நிலைகள் இவரைப் போன்றவர்களால்தான் பிழைத்திருக்கின்றன என்று இன்னொருவர். கடல் கடந்த ஒரு தமிழர், பச்சை வேட்டி உங்கள் இயக்கத்தின் சீருடையா என்று கேட்டிருந்தார்.

நண்பர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இயக்கம்னா எந்த இயக்கம்யா?"

"விரதம்னு எழுதிரு. முடிஞ்சது."

"எழுதணும், எழுதணும்" என்றார். எழுதியது வேறு: "இயற்கையே என் இயக்கம்."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும். தூண்டில் முள்ளின் நுனியில் இருக்கும் சின்னக் கொக்கியை அரத்தால் ராவிவிட வேண்டும். மீனைத் தண்ணீருக்கு வெளியே நம்மால் மூச்சை அடக்க முடிகிற நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எல்லாம் அதே குழுவில் மற்றவர்கள் எழுதியவை. இவர் எழுதியதும் புது மெருகு வந்துவிட்டது. சொன்னதில் தவறு கிடையாது, அத்தனையும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் அறிவுரையைத் தட்டிவிட்டு பிரவுசிங் சென்டர் படியிறங்கும்போது அவர் என்ன பேசுவார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"மாலையக் கழட்டின மொத ஞாயித்துக்கெழம இருக்கு பாரு, அந்தக் கட்லாத் தலைய மட்டும் தனியாப் போட்டு ஒரு கொழம்பு. நாக்கு செத்துப் போச்சுய்யா."

பழனிக்கு நடந்து போய் வந்தார். மாலையைக் கழற்றினார். அந்த ஞாயிறும் வந்தது. கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார்.

"அண்ணே, இவர நம்ப முடியாது. நீங்கதான் பொறுப்பு. மசாலா அரைச்சு வச்சிருக்கேன், மாங்கா வாங்கி வச்சிருக்கேன். மீனில்லாம வந்தா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

பத்து மணிவாக்கில் அவருடைய தூண்டில் வளைந்தது. நல்ல கட்லா. கரையேற்றி, ஈரச் சாக்கை விரித்து, நான் தராசை எடுத்தேன். அப்போது மதகுப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு இளைஞர்கள். மதுரையிலிருந்து வருகிறார்களாம். படத்தில் பின்னால் தெரிந்த மலையை வைத்துக் கன்னிவாடி டீக்கடையில் விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"அண்ணே, நீங்கதான பச்ச வேட்டி அண்ணன்! கரெக்டா மீன் விடுற நேரத்துக்கு வந்துட்டோம்ணே!"

இருவரும் போனை எடுத்து நீட்டினார்கள். நண்பர் என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். கல்யாணப் பெண்ணை அனுப்பிவைக்கும் தகப்பன் முகம் அப்படித்தான் இருக்கும். கையை நனைத்தார். மீனைத் தூக்கினார். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையை விரித்தார். கட்லா ஒரு கணம் அசையாமல் நின்றது, நம்ப முடியவில்லை என்பதுபோல. பிறகு வாலை ஒரு அடி அடித்துப் போயே விட்டது. இளைஞர்கள் கை தட்டினார்கள்.

வீட்டில் அவர் மனைவி கத்தவில்லை. மசாலாக் கிண்ணத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"இதையும் கொண்டுபோயி அதே கொளத்துல விட்டுட்டு வாங்க. ஒண்ணா இருக்கட்டும்."

அதன் பிறகு அவர் கையால் பிடித்த மீன் அவர் வீட்டுக்குள் போகவில்லை. மார்க்கெட்டில் போய் வாங்கவும் பயம். யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது? என்னை அனுப்பினார். நான் வாங்கிய மீனை என் வீட்டுத் தூக்குவாளியில் வைத்து, மூடி போட்டு, கீரை கொண்டுபோகிறவனைப் போல அவர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். தின்றுவிட்டுக் குறை சொல்வார். ஐஸ் மீன், சவசவன்னு இருக்கு என்பார். சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மீன்களின் உயிர் பற்றி எழுதுவார்.

குளத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிறுதோறும் கரையில் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றிரண்டு கார்களும். எல்லோரும் தர்மவான்கள். ஒருவர்கூட ஒரு மீனையும் எடுத்துப் போகவில்லை. பிடித்து, கைகளை முன்னால் நீட்டி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு படம், பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்காக அவர் கையில் ஒரு படம். அதன் பிறகு விடுவதை ஒரு படம். அது சரியாக விழாவிட்டால் எட்டிப் பிடித்து மறுபடியும் விடுவார்கள். மூச்சு அடக்கும் விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். யாரும் மூச்சை அடக்கி நான் பார்க்கவில்லை.

பங்குனி வந்து தண்ணீர் குறைந்து சூடேறியது. ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது குத்தகைக்காரர் இடுப்புத் தண்ணீரில் நின்று செத்து மிதந்த கட்லாக்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். மாலை கழற்றி மாதங்கள் ஆகியும் அவர் நண்பரைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்.

"பாருங்க சாமி. வலை போட இன்னும் ஒரு மாசம் கெடக்குது. அதுக்குள்ள வாரா வாரம் ஒரு கூடை. வாயி கிழிஞ்சது பாதி, வெயில்ல காட்டிக் காட்டி வெந்தது மீதி."

"அவங்க விட்டுட்டுத்தானே அண்ணே போறாங்க" என்றார் நண்பர், மெதுவாக.

"அதத்தானுங்க சொல்றேன். தின்னா ஒருத்தன் ஒண்ணு தின்பான், வயிறு ரொம்பிடும், போயிடுவான். விடறவனுக்கு வயிறே இல்லீங்களே, எப்ப ரொம்பறது?"

நண்பர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீங்க எழுதித்தான வந்தாங்க? நீங்களே எழுதுங்க. பிடிச்சா காசு குடுத்துட்டு எடுத்துட்டுப் போவணும், விடக் கூடாதுன்னு. இல்லீன்னா வலை போடறப்ப எனக்குப் பாசிதானுங்க மிஞ்சும்."

எழுதினால் தன் பேர் என்ன ஆகும் என்பது நண்பருக்குத் தெரியும். மதகு ஓரம் போய் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டார். கரையில் அன்றும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் தூண்டிலில் ஒரு கட்லா மாட்டியதும் போன்களோடு ஓடிவந்தார்கள். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. செவுளிலிருந்து ரத்தம் வந்தது.

"விடுங்கண்ணே, நல்ல வெளிச்சம் இருக்கு" என்றான் ஒருவன்.

நண்பர் கையை நனைத்தார். மீனைத் தூக்கினார். தண்ணீரில் ஓரடி இறங்கினார். அங்கே கூடையோடு நின்ற குத்தகைக்காரரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யோவ், சாக்க விரி."

"அண்ணே!"

"இது பொழைக்காது தம்பி. விட்டா ஒங்க படத்துக்கு நல்லாருக்கும். அதுக்கு நல்லாருக்காது. நாளைக்கு அவரு கூடையில வரும்." மீனைச் சாக்கில் கிடத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அதோட, நான் அன்னிக்கு விட்டது மாலை போட்டிருந்ததால. மீன் கொழம்புன்னா எனக்கு உசுரு."

அவர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

நான் தராசில் தூக்கிப் பார்த்தேன். அஞ்சே முக்கால் கிலோ. குத்தகைக்காரர் காசை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். அன்று இரவே குழுவில் அந்தப் படம் வந்துவிட்டது: சாக்கு, ரத்தம், நண்பரின் முகம். பச்சை வேட்டியின் வேஷம் கலைந்தது என்று தலைப்பு. அவரை நீக்கினார்கள். அந்தக் குளம் ஒரு கொலைக்களம், மனச்சாட்சியுள்ள தூண்டில்காரர் எவரும் அங்கே கால் வைக்கக் கூடாது என்று தீர்மானமும் போட்டார்கள். அடுத்த ஞாயிறு கரை காலியாகக் கிடந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர்காரங்க ரொம்ப நல்லவங்களுங்க சாமி" என்றார் குத்தகைக்காரர். "ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வராம நின்னுடறாங்க."

அது அடுத்த வாரம். அந்தக் கட்லாவோடு நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய மத்தியானம் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மானம் போகப் போகிறது என்று மட்டும் தெரியும். வெயில் சுள்ளென்று அடித்தது. போனில் சொல்லியாயிற்று, வீட்டில் அவர் மனைவி மசாலாவோடு காத்திருக்கிறார். நான் நேர்வழியில் திரும்பினேன். பக்கத்தில் ஆள் இல்லை. நண்பர் கடைவீதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பையின் கயிற்றை அவிழ்த்து, வாலை வெளியே இழுத்துவிட்டிருந்தார்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! பாத்து எம்புட்டு நாளாச்சு! எத்தன கிலோ?"

"ஏழு" என்றார் நண்பர்.

"அஞ்சே முக்கால்" என்றேன் நான்.

இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே பிடித்தது, எவ்வளவு நேரம் போராடியது என்று நண்பர் ஆரம்பித்துவிட்டார்.